இருபத்தொன்பது பேருக்கு ஒரு பஸ்

கணபதி, கோயமுத்தூர்
14 செப்டம்பர் 1996

மேலாளர் அவர்களுக்கு,
சசி வெங்கட் டிராவல்ஸ், கரோல் பாக், புது டெல்லி.

ஐயா,

எங்கள் பெண்கள் பள்ளியின் ஆசிரியைகளும் அலுவலகப் பெண்களும் சேர்ந்து, வரும் டிசம்பர் அரையாண்டு விடுமுறையில் டெல்லி, மதுரா, ஆக்ரா பார்க்க வருகிறோம். சமையல்காரர் தம்பிதுரையையும் சேர்த்து இருபத்தொன்பது பேர். புது டெல்லி ரயில் நிலையத்தில் எங்களை ஏற்றிக்கொண்டு, ஐந்து நாளும் எங்களோடு இருந்து, அதே இடத்தில் இறக்கிவிட ஒரு நல்ல பஸ் தேவை. அண்டாவும் அரிசி மூட்டையும் கொண்டுவருவதால் கூரைமேல் கேரியர் இருக்க வேண்டும். ஜன்னல் கண்ணாடிகள் இழுத்தால் மூட வேண்டும். ஓட்டுநர் குடிப்பழக்கம் இல்லாதவராக இருக்க வேண்டும். ஒரே பெரிய பஸ்ஸா, இரண்டு மினிபஸ்ஸா, எது எங்களுக்குச் சௌகரியம் என்பதைத் தெரிவிக்கக் கோருகிறேன்.

இப்படிக்கு,
ச. வசுந்தரா, நூலகர்.

இதுவரை உள்ளதைத் தலைமையாசிரியை தாஜுன்னிசா அம்மா படித்துப் பார்த்துத் தலையாட்டிவிட்டார். "வசுந்தரா, உங்க ஊட்டுக்காரரே டெல்லியில பஸ்ஸு வாடகைக்கு உடறாரு, நாம எதுக்குங்க வேற ஆளத் தேடோணும்? ஒரு லெட்டரு போட்டுபோடுங்க" என்றார். போட்டுவிட்டேன். இதற்குக் கீழே இருப்பதை அவர் பார்க்கவில்லை.

நலமா? ஜூலையில் நீங்கள் போனில் பேசிய பிறகு ஒரு வரிகூட வரவில்லை. அதற்கு முன் வாரத்துக்கு ஒரு கடிதம் வந்துகொண்டிருந்தது. அத்தையைக் கேட்டால் உங்களுக்கு வேலை அதிகமாக இருக்கும் என்கிறார். மாமா, பட்டறையிலிருந்து சாப்பிட வரும்போது மட்டும், தபால்காரர் வந்தாரா என்று யாரையும் பார்க்காமல் கேட்கிறார்.

நமக்குக் கல்யாணமாகி இன்னும் ஒரு வருடம் முடியவில்லை. அதில் ஒரே வீட்டில் இருந்தது நான்கு மாதம். அந்த நான்கு மாதத்தில் உங்களைக் கோபப்படுத்தியதாக எனக்கு நினைவில்லை. அதற்குப் பிறகு ஏதாவது செய்துவிட்டேனா? பஸ்ஸுக்குப் பதில் எழுதும்போது இதற்கும் ஒரு வரி எழுதுங்கள்.

வசுந்தரா

*

கரோல் பாக், புது டெல்லி
26 செப்டம்பர் 1996

வசுந்தரா,

தலைமையாசிரியை அம்மாவுக்கு உரிய தாள் இதே உறையில் தனியாக இருக்கிறது. வாடகை விவரம் அதில். இது உனக்கு.

மினிபஸ் என்றால் எந்தச் சந்துக்குள்ளும் போகும். ஆனால் ஒன்று சிக்னலில் மாட்டிக்கொண்டால் இன்னொன்று எங்காவது ஓரமாகக் காத்திருக்க வேண்டும். எங்களிடம் இருக்கும் இரண்டு மினிபஸ் டிரைவர்களில் ஒருவர் டீ குடிக்க நிறுத்தும் இடத்தில் மற்றவர் செத்தாலும் நிறுத்தமாட்டார். பெரிய பஸ் பழைய டெல்லிக்குள் நுழையாது. செங்கோட்டைக்கு வெளியே நிறுத்திவிட்டு நடக்க வேண்டும். ஆனாலும் நம் ஊரிலிருந்து வரும் கூட்டத்துக்கு நான் பெரிய பஸ்ஸைத்தான் சொல்வேன். இரண்டாகப் பிரித்து ஏற்றினால், அந்த வண்டியில் நம்மைப் பற்றி என்ன பேசுகிறார்களோ என்ற கவலையிலேயே ஐந்து நாளும் போய்விடும்.

சமையல் காஸ் சிலிண்டரை ரயிலில் கொண்டுவராதீர்கள், விடமாட்டார்கள். தங்கும் இடத்தில் அடுப்பு நான் ஏற்பாடு செய்கிறேன். அண்டாக்கள் கேரியரில் ஏறிவிடும். ஓட்டுநர் குர்மீத் சிங் குடிப்பதில்லை. பாட்டு மட்டும் சத்தமாகப் போடுவார்.

உன் கடிதத்தின் கீழ்ப்பாதிக்கு என்ன எழுதுவது? நீ ஒரு தவறும் செய்யவில்லை. நான் கேட்டேன், மனதில் இருந்ததை நீ சொன்னாய். அதைக் கேட்டுக்கொண்ட பிறகும் வாரா வாரம் எழுதி உன்னைத் தொந்தரவு செய்வது நாகரிகம் இல்லை என்று தோன்றியது. ராஜேந்திர நகரில் பிடித்து வைத்திருந்த வீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அம்மாவிடம் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம். உன் பள்ளிக்கூடம், உன் புத்தகங்கள் என்று நீ நிம்மதியாக இரு.

சசிதர்

*

கணபதி
8 அக்டோபர் 1996

உங்களுக்கு,

முதலில் பஸ். ஆசிரியைகள் அறையில் உங்கள் தாளை நான் படித்துக்காட்டினேன். பாதிப்பேர் மினிபஸ் என்றார்கள். கணக்கு டீச்சர் சென்னியம்மாள் எழுந்து, "ஏனுங், ரெண்டு மினிபஸ்ஸுன்னா தம்பிதுரை எதுல வாராருன்னு மொதல்ல சொல்லுங்க. சோறு வார பஸ்ஸுலதானுங் நானு" என்றார். அப்புறம் எல்லோருக்கும் அந்த பஸ்தான் வேண்டும் என்று ஆனது. ஆகவே பெரிய பஸ்ஸையே உறுதி செய்துவிடுங்கள். பாட்டுச் சத்தத்தைக் குறைக்கச் சொல்ல முடியுமா என்று தலைமையாசிரியை கேட்கச் சொன்னார். கூட்டச் சொல்லும்படி சென்னியம்மாள் சொன்னார். உங்கள் இஷ்டம்.

அடுத்தது. மனதில் இருந்ததை நான் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். என்ன சொன்னேன்? வீடு கிடைத்துவிட்டது, வந்து கூட்டிக்கொண்டு போகட்டுமா என்று கேட்டீர்கள். நான் பதில் சொன்னேன். உடனே லைன் போய்விட்டது. வீட்டையே திருப்பிக் கொடுக்கும்படி அந்தப் பதிலில் என்ன இருந்தது என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன். எனக்குத் தெரியவில்லை.

நான் பார்க்காத வீடு அது. எத்தனை ஜன்னல் என்றுகூடத் தெரியாது. பார்க்காத ஒன்று போனதற்கு இவ்வளவு வருத்தப்பட முடியும் என்பது எனக்கே புதிதாக இருக்கிறது. அதைப் பிடிக்கும்போதும் என்னைக் கேட்கவில்லை. விடும்போதும் கேட்கவில்லை.

நிம்மதியாக இரு என்று எழுதியிருக்கிறீர்கள். பள்ளியில் ஒரு சிறுமி, படித்து முடிக்காமலே புத்தகத்தைத் திருப்பிக் கொடுப்பாள். ஏன் என்று கேட்டால், முடிவு நல்லா இருக்காதுன்னு தெரிஞ்சுபோச்சு டீச்சர் என்பாள். உங்கள் கடிதத்தைப் படித்தபோது அவள் ஞாபகம்தான் வந்தது.

வசுந்தரா

*

கரோல் பாக்
19 அக்டோபர் 1996

வசுந்தரா,

பஸ் உறுதி. முப்பத்தைந்து சீட். கேரியர் இருக்கிறது. ஜன்னல் கண்ணாடிகள் இரண்டு இறுகியிருந்தன, நானே உட்கார்ந்து சரிசெய்தேன்.

நீ சொன்னதைத் திரும்ப எழுதச் சொல்கிறாய். எழுதக் கை வரவில்லை.

நான்கு ஜன்னல். மேற்குப் பக்கத்து ஜன்னலுக்கு வெளியே ஒரு வேப்பமரம். நீ உட்கார்ந்து படிக்க அங்கே ஒரு நாற்காலி போடலாம் என்று நினைத்திருந்தேன்.

சசிதர்

*

கரோல் பாக்
17 நவம்பர் 1996

வசு,

போன கடிதத்துக்கு நீ பதில் எழுதவில்லை. எழுதும்படி நானும் அதில் ஒன்றும் எழுதவில்லை. ஆனால் நேற்று இங்கே நடந்ததை உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியாது.

கோயமுத்தூரிலிருந்து பாலகோபால் என்று ஒருவர், நம்மவர், பம்ப்செட் வியாபாரி, நாலைந்து குடும்பங்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஒரு மினிபஸ் கேட்டிருந்தார். ரயில் இறங்கியதும் ஸ்டேஷனிலிருந்து ஆபீசுக்கு போன் செய்தார். என் தொழில் கூட்டாளி வெங்கடபதி எடுத்தான். அவன் நெல்லூர்க்காரன். நம் வீடுகளில் பேசுவதுபோல அவர் தெலுங்கில் பேச, இவனும் சந்தோஷமாகத் தெலுங்கிலேயே, "மினிபஸ்ஸை அனுப்பட்டுமா?" என்று கேட்டிருக்கிறான். அவர், "இப்புடு அவசரம் லேது" என்றிருக்கிறார். சரி என்று போனை வைத்துவிட்டு, இவன் அந்த மினிபஸ்ஸை வேறொரு கூட்டத்தோடு ஜெய்ப்பூருக்கு அனுப்பிவிட்டான்.

மத்தியானம் மறுபடி போன். இந்தத் தடவை நான் எடுத்தேன். "ஏனுங்க, பொம்பளைங்களையும் கொழந்தைங்களையும் வெச்சுட்டு பிளாட்பாரத்துல நிக்கறமுங்க. வண்டி எங்கீங்க?" நானும் வெங்கடபதியும் ஓடினோம். போனதும் வெங்கடபதி அவரிடம், "நீங்கதானே சார் வண்டி வேணாம்னீங்க" என்றான். பாலகோபால் தெலுங்கை விட்டுவிட்டுத் தமிழுக்கு வந்துவிட்டார்.

"அவசரமில்லைன்னுதானுங்க சொன்னேன்! காப்பி குடிச்சுட்டு இருக்கறோம், மெதுவா வாங்கன்னேன். வேண்டாம்னா சொன்னேன்?"

வெங்கடபதி தலையில் கைவைத்துக்கொண்டான். தெலுங்கில் அவசரம் என்றால் தேவை என்று அர்த்தமாம். அவசரம் லேது என்றால் தேவையில்லை. "உங்க கோயமுத்தூர்த் தெலுங்கு தெலுங்கே இல்ல சார், தமிழுக்குத் தெலுங்குச் சட்டை மாட்டி உட்டிருக்கீங்க" என்றான். "சட்டை எதுவா இருந்தா என்னுங்க தம்பி, வண்டி வருமா வராதா?" என்றார் பாலகோபால்.

சண்டை நடுவே நான் அவருடைய பெட்டியைக் கையில் தூக்கியபடி அப்படியே நின்றுவிட்டேன்.

ஜூலையில் நான் கேட்டேன், வந்து கூட்டிக்கொண்டு போகட்டுமா என்று. நீ சொன்னாய்: "இப்புடு அவசரம் லேது."

என் அம்மா ஆந்திராவில் சித்தூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர். எங்கள் வீட்டில் அவசரம் என்றால் தேவைதான். இங்கே நாள் முழுக்க வெங்கடபதியோடு பேசிப் பேசி அது இன்னும் உறுதியாகிவிட்டது. நீ காங்கேயத்தில் வளர்ந்தவள். நீ சொன்னது எந்த அவசரம்? இப்போது தேவையில்லை என்றாயா, இப்போது வேகம் வேண்டாம் என்றாயா? நான்கு மாதமாக நான் முதலாவதை மட்டும்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். என்னை உனக்குத் தேவையில்லை என்று.

இதை போனில் கேட்க பயமாக இருக்கிறது. எழுது.

சசி

*

கணபதி
25 நவம்பர் 1996

உங்களுக்கு,

உங்கள் கடிதத்தை நூலகத்தில், அலமாரிகளுக்கு நடுவே நின்றுகொண்டு படித்தேன். சிரித்தேனா அழுதேனா என்று தெரியவில்லை. சத்தம் கேட்டு ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள்.

அவசரமில்லை என்றுதான் சொன்னேன். மெதுவாகப் போகலாம் என்று. காங்கேயத்தில் எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம் நான் கேட்டதே இல்லை. கல்யாணமான புதிதில் ஒருநாள் அத்தை சமையலறையிலிருந்து, கொத்தமல்லி அவசரம் என்று தெலுங்கில் சொன்னார். நான் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் கடைக்கு ஓடினேன். மூச்சு வாங்கத் திரும்பி வந்தவளை அவர் விநோதமாகப் பார்த்தார். "இப்படி ஓடணுமா அம்மணி? ரசத்துக்குத்தானே" என்றார். ஏன் அப்படிச் சொன்னார் என்பது இன்றைக்குத்தான் விளங்குகிறது.

அன்றைக்கு ஏன் மூன்றே சொல்லில் முடித்தேன் என்றும் சொல்லிவிடுகிறேன். போன் பட்டறையில் இருக்கிறது. நீங்கள் கூப்பிட்டிருப்பதாக ஆள் வந்து சொன்னதும் போனேன். எனக்குக் கேட்கட்டும் என்று மாமா கரிசனமாக லேத்தை நிறுத்தச் சொல்லிவிட்டார். மொத்தப் பட்டறையும் அமைதியாகி என்னைப் பார்த்து நின்றது. லேத் ஓடிக்கொண்டிருந்தால் இன்னும் நாலு வார்த்தை சொல்லியிருப்பேன்.

அந்த நாலு வார்த்தையை இப்போது எழுதுகிறேன். சொல் குழம்பியது உண்மை. ஆனால் அதை மட்டும் சொல்லிவிட்டுச் சும்மா இருந்தால் உங்களை ஏமாற்றியதாகும். எனக்குத் தயக்கமும் இருந்தது. இந்த நூலகத்தில் எந்தப் பிள்ளைக்கு எந்தப் புத்தகம் கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். இங்கே நான் ஒரு ஆள். டெல்லியில் மொழி தெரியாமல், பகல் முழுக்க ஒரு வீட்டுக்குள், நீங்கள் எப்போது வருவீர்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர நான் யார்? அதைவிடப் பெரிய தயக்கம், உங்களையே எனக்கு அவ்வளவாகத் தெரியாது. நான்கு மாதம் ஒரே வீட்டில் இருந்தோம். அதில் நாம் தனியாகப் பேசியதையெல்லாம் சேர்த்தால் ஒரு பஸ் பயணத்துக்குக்கூட வராது.

டிசம்பரில் வருகிறேன், இருபத்தொன்பது பேரில் ஒருத்தியாக. ஐந்து நாள் உங்கள் பஸ்ஸில் இருப்பேன். அதற்குப் பிறகு, அங்கே வந்து இருப்பதா வேண்டாமா என்று நானே சொல்கிறேன். அதுவரை வீடு எதையும் பார்க்காதீர்கள்.

ஒரு வேண்டுகோள். எல்லோர் முன்னாலும் என்னிடம் தனியாக வந்து பேசாதீர்கள். ஏற்கெனவே இங்கே கேலி தாங்க முடியவில்லை. "பஸ்காரர் சம்சாரத்துக்கு ஜன்னல் சீட்டுங்களா, டிரைவர் சீட்டுங்களா?" என்று சென்னியம்மாள் தினமும் கேட்கிறார்.

வசு

*

கரோல் பாக்
7 டிசம்பர் 1996

வசு,

நீ எழுதியதை வெங்கடபதிக்குக் கொத்தமல்லி வரை மட்டும் படித்துக்காட்டினேன். நாற்காலியிலிருந்து விழப் பார்த்தான். மற்றதை நான் மட்டும் பலமுறை படித்தேன்.

உன் தயக்கத்தை எழுதினாயே, அதற்கு எனக்கு வருத்தம் இல்லை. தேவையில்லை என்று நீ சொன்னதாக நினைத்துக்கொண்டு இருந்ததற்கு, தயக்கம் எவ்வளவோ நல்ல விஷயம். உன்னை எனக்கும் தெரியாதுதான். அப்பா எதிரே இருக்கும்போது எனக்குப் பேச்சு வராது. அது உனக்கும் தெரிந்திருக்கும். நீ புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு இருப்பாய். அதில் குறுக்கே வரக்கூடாது என்று நானும் போய்விடுவேன்.

வீடு பார்க்கமாட்டேன். யாராவது காட்ட வந்தாலும் வேறு பக்கம் பார்க்கிறேன். ஐந்து நாள் கழித்து நிதானமாகச் சொல். அவசரமில்லை என்று எழுத வந்து, பேனாவை நிறுத்திவிட்டேன்.

இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது. எல்லோரையும் கம்பளிக் குல்லாய் எடுத்து வரச் சொல். நம் ஊர் மார்கழியை நினைத்துக்கொண்டு சால்வையோடு வந்து நிற்பவர்களை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். உனக்கு ஸ்வெட்டர் வேண்டாம். என்னிடம் இருக்கிறது.

உன்னிடம் பேசமாட்டேன். வாக்கு.

சசி

*

ரயிலில், நாக்பூருக்குக் கொஞ்சம் முன்னால்
2 ஜனவரி 1997

உங்களுக்கு,

ரயில் ஆட்டத்தில் எழுத்து கோணலாக வரும். எதிர் சீட்டில் சென்னியம்மாள். "என்னுங்க அம்மணி, இன்னும் ஊடு போயே சேரல, அதுக்குள்ள லெட்டரா?" என்கிறார். நான் எழுதிக்கொண்டிருக்கிறேன். அவரும் விடாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

வாக்கை இவ்வளவு கறாராகக் காப்பாற்றுவீர்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. முதல் இரண்டு நாள் பஸ்ஸில் எல்லோரிடமும் பேசினீர்கள், என்னைத் தவிர. ஸ்வெட்டரைக்கூடத் தலைமையாசிரியை கையில் கொடுத்து அனுப்பினீர்கள். அவர் அதைத் தூக்கிப் பிடித்து, "பஸ் கம்பெனி ஒரே ஒரு ஸ்வெட்டருதான் ஃப்ரீயாத் தருமாமா. யாருக்குங்க இது?" என்று கடைசி சீட் வரை கேட்டுக்கொண்டே வந்தார். நீங்கள் குர்மீத் சிங்கிடம் ஏதோ தலைபோகிற விஷயம் பேசுவதுபோல முன்னால் திரும்பி நின்றீர்கள். உங்கள் காது சிவந்திருந்ததைப் பின்னாலிருந்து எல்லோரும் பார்த்தோம்.

கணபதி வீட்டில் நீங்கள் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. சாப்பாட்டில் உப்பு இல்லாவிட்டால்கூடச் சொல்லமாட்டீர்கள். இங்கே, ஓடும் பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "குதுப்மினார்ல எல்லாரும் மேல பாப்பீங்க, கீழ கைப்பையப் பாத்துக்கங்க டீச்சர்!" என்று கத்தியவர் யாரென்றே எனக்குத் தெரியவில்லை. ஆக்ரா போகும் வழியில் பெர்மிட் தாளைப் புரட்டிப் புரட்டி நேரத்தை ஓட்டிய அந்த அதிகாரியிடம், முதலில் பணிவாகவும் பிறகு பணிவே இல்லாமலும் இந்தியில் பேசினீர்கள். தம்பிதுரையின் உப்புமாவைத் தட்டில் வாங்கி, எஞ்சின் பானட்டின் மேல் வைத்துக்கொண்டு நின்றபடியே சாப்பிட்டீர்கள். இந்த ஆளை எனக்கு யாரும் காட்டவில்லையே என்று நினைத்தேன்.

நீங்களும் ஒன்று சொன்னீர்கள், நான் பஸ்ஸில் சிரித்ததைக் கேட்டு, நீ இவ்வளவு சத்தமாகச் சிரிப்பாய் என்று தெரியாது என்று. மதுரா சாலையில் காலைப் பனிமூட்டத்தில் பஸ் நகர முடியாமல் நின்றபோது, எஞ்சின் சூட்டுக்குப் பக்கத்தில் நின்று நாம் பேசிய மற்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. எதிரே இருப்பவருக்குக் கண் நன்றாகத் தெரிகிறது.

செங்கோட்டையில் நடந்ததைப் பற்றி மட்டும் எழுத வேண்டும்.

எல்லோரும் பஸ்ஸில் ஏறியதும் நீங்கள் தலைகளை எண்ணினீர்கள். இருபத்தெட்டு. மறுபடி எண்ணினீர்கள். இருபத்தெட்டு. "ஒருத்தர் குறையுது, யாரும் எறங்காதீங்க" என்று சொல்லிவிட்டுக் கோட்டை வாசலுக்கு ஓடினீர்கள். தலைமையாசிரியை ஒரு பக்கம் துவா செய்ய ஆரம்பித்துவிட்டார். இந்தி டீச்சர் ஜன்னல் வழியாகப் போலீஸ்காரரைக் கூப்பிட்டார். யாரைக் காணோம், யாரைக் காணோம் என்று எல்லோரும் கேட்டோம். நானும் கேட்டேன். வியர்த்து வழிய நீங்கள் திரும்பி வந்து மூன்றாவது தடவை எண்ணி, அதே இருபத்தெட்டில் வந்து நின்றபோது, சென்னியம்மாள் தன் இடத்திலிருந்தே கேட்டார். "ஏனுங் தம்பி, உங்க ஊட்டம்மாவ எண்ணுனீங்களா?"

பஸ்ஸே குலுங்கியது. குர்மீத் சிங்குக்கு யாரோ இந்தியில் சொல்ல, அவர் ஸ்டியரிங்கில் தலையை வைத்துச் சிரித்தார். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். அந்தப் பார்வை எனக்குப் பிடித்திருந்தது. என்னைக் கூட்டத்தில் ஒரு ஆளாக நீங்கள் நினைக்கவே இல்லை என்று எல்லோர் முன்னாலும் தெரிந்துபோனது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. சென்னியம்மாள் பொறாமையோடு, "எங்கூட்டுக்காரரு பத்துப் பேருல என்னய மறந்தா, நெசமாலுமே மறந்ததுதானுங்" என்றார்.

ஆனால் ரயிலில் ஏறிப் படுத்த பிறகு அது வேறு மாதிரி தோன்றியது. தன்னுடைய ஆள்தானே என்றுதான் என்னை எண்ணாமல் விட்டீர்கள். வீட்டைப் பிடித்தபோதும் விட்டபோதும் என்னைக் கேட்காததற்கும் இதுவே காரணம், இல்லையா? உங்களுக்குள் இருக்கும் ஒருத்தியாகவே என்னை வைத்துக்கொண்டுவிட்டீர்கள். அதனால் வெளியே உட்கார்ந்திருக்கும் என்னிடம் கேட்க வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றவில்லை. நானும் அப்படித்தான். மனதுக்குள் பத்துப் பக்கம் உங்களோடு பேசிவிட்டு, வாயில் மூன்று சொல் சொன்னேன். மீதியும் உங்களுக்குக் கேட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அதனால் என் பதில் இது. வருகிறேன். ஏப்ரலில் பிள்ளைகளின் பரீட்சை முடிந்து, புத்தகங்களையெல்லாம் திரும்ப வாங்கி, அடுத்து வருபவருக்கு அலமாரிகளைக் காட்டிக் கொடுத்துவிட்டு வருகிறேன். அத்தையிடமும் மாமாவிடமும் நானே சொல்லிக்கொள்கிறேன். உங்கள் அவசரமும் இருக்கிறது, எங்கள் ஊர் அவசரமும் இப்போது கொஞ்சம் இருக்கிறது.

என்னையும் எண்ணுங்கள். அது ஒன்றுதான் கேட்கிறேன்.

சென்னியம்மாள் பழம் உரித்துக் கொடுக்கிறார். பேனாவை வைத்தால்தான் தருவாராம்.

வசு

*

கரோல் பாக்
16 ஜனவரி 1997

வசு,

பொங்கலன்று உன் கடிதம் வந்தது. வெங்கடபதி வாசலில் ஏதோ கோலம் போட முயன்றுகொண்டிருந்தான். நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன். வெளியே வந்தபோது என் முகத்தைப் பார்த்துவிட்டு, "தேவையா, வேகமா?" என்றான். இரண்டும் என்றேன்.

நீ எழுதியது சரி. பஸ்ஸில் டிரைவரையும் என்னையும் நாங்கள் எண்ணுவதில்லை. உன்னையும் அந்தப் பக்கத்தில் சேர்த்துவிட்டிருக்கிறேன், எனக்கே தெரியாமல். உன்னிடம் கேட்க வேண்டியதையெல்லாம் நானே கேட்டு நானே பதிலும் சொல்லிக்கொண்டேன் என்று நீ எழுதிய பிறகுதான் பார்க்கிறேன். நீ சொன்னதைத் தப்பாகக் கேட்டது பெரிய விஷயம் இல்லை. மறுபடி ஒருமுறை கேட்காமல் நான்கு மாதம் இருந்தேனே, அதுதான்.

இங்கே ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடம் இருக்கிறது. அங்கே பிள்ளைகளை ஏற்றிப் போக எங்கள் மினிபஸ்ஸை எப்போதாவது எடுப்பார்கள். நூலகத்துக்கு ஆள் வேண்டுமா என்று எனக்குத் தெரியாது. விசாரிக்க வாய் வரை வந்தது. விசாரிக்கவில்லை. முகவரியைத் தனித் துண்டில் எழுதி வைத்திருக்கிறேன். எழுதுவதா வேண்டாமா, என்ன எழுதுவது என்பது உன் விருப்பம்.

நேற்று படேல் நகர்ப் பக்கம் ஒரு கூட்டத்தை இறக்கிவிட்டு வரும்போது, ஒரு மாடி வீடு காலி என்று பலகை தொங்கியது. படியேறிக் கதவு வரை போய்விட்டேன். வெளியிலிருந்து பார்த்தால் வெயில் வரும்போலத் தெரிந்தது. உள்ளே எப்படி என்று தெரியாது. ஏப்ரல் வரை அது காலியாக இருக்குமா என்பதும் தெரியாது. இல்லாவிட்டால் வேறு கதவு இருக்கும். கீழ்வீட்டு அம்மா வெளியே வந்து, சாவி தருகிறேன், உள்ளே போய்ப் பாருங்கள் என்றார்.

பார்க்க எங்கள் வீட்டில் இன்னொருவரும் வர வேண்டும் என்று சொல்லிவிட்டு இறங்கி வந்துவிட்டேன்.

சசி